குறிப்புப் பத்தி

புளிச்சிகுளம், வாடிப்பட்டி வழி
29-5-1983

சாருக்கு மாயக்காளின் வணக்கம்.

நோட்டைக் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். இனியும் கொடுக்காமல் வைத்திருந்தால் எனக்குத்தான் மரியாதையில்லை. அதனால் இன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எட்டு வருஷம், முப்பத்தொரு கிணறு. மாதம் தவறாமல் முடிச்சுக் கயிற்றை இறக்கி நானே அளந்தது. அம்மை போட்டுப் படுத்திருந்த இரண்டு மாதம் மட்டும் விட்டுப்போயிருக்கும்.

அனுப்புவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு நான்கு பத்தி இருக்கிறது. தேதி, கிணறு, அடி, குறிப்பு. முதல் மூன்றும் உங்கள் கிணற்று வட்டத்துக்கு, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது உங்கள் கண்ணுக்கு மட்டும். காரணம் எழுதாத அளவு அளவே இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். அதனால் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதினேன். கேட்டால் பெண்கள் கிணற்றைப் பற்றி மட்டுமா சொல்வார்கள்? புருஷன் மோட்டாரை அடகு வைத்தது, பங்காளி வாய்க்காலை உடைத்துவிட்டது எல்லாம் அதில் கிடக்கிறது. முக்கியமாக இந்த ஏப்ரலில் சுந்தரம்மாள் மதினி கிணற்றுக்கு நேரே எழுதியிருப்பது. படித்தால் உங்களுக்கே புரியும்.

யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஆடி முடிவதற்குள் நோட்டு என் கைக்கு வந்துவிட வேண்டும்.

இங்கே மழையில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளைக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்ல வேண்டியதுதான்.

இப்படிக்கு,
மாயக்காள்


மதுரை, தானப்ப முதலி தெரு
4-6-1983

மாயக்காள் டீச்சருக்கு அனந்தநாராயணன் அநேக ஆசீர்வாதம்.

நோட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. காலேஜிலிருந்து வந்தவன் காபியைக்கூடத் தொடாமல் அதைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன். "அது என்னன்னா, அப்படி முகம் பிரகாசிக்கறது? லாட்டரி விழுந்துடுத்தா?" என்று கேட்டாள் என் மனைவி வாலாம்பாள். அதற்கும் மேல் என்றேன்.

நான் முகஸ்துதி செய்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பௌதிக லாபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருபது வருஷம் பையன்களின் பொய்க் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போனவன். நம் வட்டத்தில் தொண்ணூற்றாறு பேர் இருக்கிறார்கள். வாத்தியார், விவசாயி, பம்ப் செட் மெக்கானிக், இரண்டு குருக்கள். மேலூர் முதல் உசிலம்பட்டி வரை மாதாமாதம் கார்டில் கிணற்று அளவு வருகிறது, நான் ஒரே தாளில் சைக்ளோஸ்டைல் உருட்டி எல்லாருக்கும் அனுப்புகிறேன். ஆனால் எட்டு வருஷம் இப்படி ஒரு ஊரை விடாமல் அளந்தவர் ஒருத்தரும் கிடையாது.

நகலைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம் வட்டத்துக்கு விதி போட்டவனே நான்தானே? தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பது எப்படி என்று மேலூர்க்காரர் ஒருவர் முப்பது பக்கம் எழுதி எல்லோர் தலையிலும் கட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குப் போட்ட விதி. ஒரு தாளில் அடங்காதது எதுவும் பட்டியலுக்குப் போகக் கூடாது. பெரிய சரக்கு ஒரே இடத்தில் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று மட்டும் தாளில் சொல்லு. வேண்டியவன் வந்து பார்த்துக்கொள்வான். உங்கள் நோட்டுக்கும் அதே சட்டம்தான். என் மேஜை மேல் இருக்கும். வருகிறவர்களுக்கு முதல் மூன்று பத்தியை மட்டும் காட்டுவேன். நான்காவது பத்தி மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துவிடுகிறேன், போதுமா?

உங்கள் அன்பன்,
அனந்தநாராயணன்


மதுரை
11-8-1983

மாயக்காள் டீச்சருக்கு,

இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். சந்தோஷ சமாசாரம்.

அக்டோபர் மாதம் சென்னையில் நிலத்தடி நீரைப் பற்றிப் பெரிய கூட்டம் ஒன்று நடக்கிறது. மதுரைச் சமவெளிக் கிணறுகளைப் பற்றிக் கட்டுரை வாசிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டாக்டர் பட்டம் இல்லாத ஒரு டெமான்ஸ்ட்ரேட்டரை! நான் அளந்த பன்னிரண்டு கிணறும் நீங்கள் அளந்த முப்பத்தொன்றும்தான் கட்டுரைக்கு முதுகெலும்பு.

சரி, மேஜை மேல் வைத்த நோட்டைப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு மாதத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் வாலாம்பாளின் அடைக்காக வந்தவர். எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. இப்படி ஒரு பொக்கிஷம் அட்டைக்கடியில் தூங்கலாமா? ஆகவே நான் போட்ட விதியை நானே ஒரே ஒரு தடவை மீறிவிட்டேன். பத்தொன்பது நாள் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு ஸ்டென்சில் வெட்டி, மெஷினில் ஓட்டி, நேற்று தொண்ணூற்றாறு பொட்டலமும் போய்விட்டன. அட்டையில் உங்கள் பெயர் கொட்டை எழுத்தில்! பெண் ஜானுதான் மடித்தாள். வழியில் பிரிந்துவிடக் கூடாதென்று நாலு பக்கமும் பின் அடித்து, உள்ளே அன்பர்களுக்கு ஒரு கடிதமும் வைத்து, புத்தகத் தபாலில் போட்டேன்.

குறிப்புப் பத்தியை என்ன செய்வதென்று யோசிக்காமல் இல்லை. சாஸ்திரத்தில் பாதி நோட்டு என்று ஒன்று கிடையாது. உள்ளதை உள்ளபடி, ஒரு எழுத்து மாற்றாமல், ஒரு எழுத்து விடாமல் தட்டினேன். எல்லாரும் நம் வட்டத்து மனிதர்கள்தானே? வெளியாள் யார் இருக்கிறார்கள்?

கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் கோபம் போய்விடும்.

அனந்தநாராயணன்


புளிச்சிகுளம்
17-8-1983

திரு. அனந்தநாராயணன் அவர்களுக்கு,

பொட்டலம் வந்தது. தபால்காரர் பேயாண்டி சைக்கிளை நிறுத்தி, "டீச்சர், இதுக்குத் தண்டம் கட்டணும்" என்றார். நாலு பக்கமும் பின் அடித்தால் பிரித்துப் பார்க்க முடியாதாம், உள்ளே கடிதம் வேறு இருக்கிறதாம், அதனால் இது புத்தகத் தபால் ஆகாதாம். குறைகிற ஸ்டாம்புக்கு இரண்டு பங்கு, வாங்குகிறவர் கட்ட வேண்டுமாம். நான் எழுதியதை நானே தண்டம் கட்டி வாங்கினேன்.

முதல் பக்கத்தில், யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று நான் எழுதியிருந்ததையும் தட்டி வைத்திருக்கிறீர்கள். தொண்ணூற்றாறு நகலில் அந்த வரி இருக்கிறது. அதைத் தட்டும்போது உங்கள் விரல் நிற்கவில்லையா?

உசிலம்பட்டிப் பக்கம் எத்தனை பொட்டலம் போயிருக்கிறது? யார் யாருக்கு? பெயரையும் ஊரையும் உடனே எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மாயக்காள்


மதுரை
21-8-1983

மாயக்காள் டீச்சருக்கு,

நீங்கள் கேட்ட பட்டியலை முழுசாகவே இத்துடன் வைத்திருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் பதினோரு பேர்.

தபால் தண்டம் என் முட்டாள்தனம். ஒப்புக்கொள்கிறேன். "ஏன்னா, இத்தனை பின் அடிக்கறேளே, தபாலாபீஸ்காரா எப்படித் திறந்து பார்ப்பா?" என்று வாலாம்பாள் அன்றைக்கே கேட்டாள். நீ சும்மா இரு என்றேன். இப்போது தினம் நாலு வசவுக் கார்டு வருகிறது. இருபத்தொரு பொட்டலம் வாங்க மாட்டேன் என்று திரும்பி வந்து கூடத்தில் கிடக்கிறது. ஜானு அதைத் தாண்டித் தாண்டி ஸ்கூலுக்குப் போகிறாள்.

ஆனால் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஐம்பத்திரண்டு பக்கம் தட்டுகிறவன் அர்த்தத்தைப் பார்ப்பதில்லை. கை தானாக ஓடும், கண் எழுத்தை மட்டும் பார்க்கும். அந்தக் குறிப்புகளில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இயந்திரம் போலத் தட்டினேன். இயந்திரத்தின் மேல் வர்மம் வைப்பார்களா?

மேலும் ஐம்பத்திரண்டு பக்கத்தை யார் கடைசி வரை படிக்கப் போகிறார்கள்? நம் ஜனங்கள் ஒரு தாளையே பாதியில் வைத்துவிடுகிறவர்கள். நடக்காததை நினைத்து நீங்கள் கலங்க வேண்டாம்.

அனந்தநாராயணன்


புளிச்சிகுளம்
3-9-1983

திரு. அனந்தநாராயணன் அவர்களுக்கு,

யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டீர்கள். சும்மா வந்திருந்தால் படித்திருக்க மாட்டார்கள்தான். தண்டம் கட்டி வாங்கினவன் விடுவானா? அப்படி என்னதான் இருக்கிறதென்று முதல் பக்கத்திலிருந்து பிரித்து மேய்ந்திருக்கிறான்.

உங்கள் பட்டியலில் எழுபத்து நாலாவது பெயர் மொக்கைச்சாமி. உசிலம்பட்டிக்கு மேற்கே உரக்கடை வைத்திருக்கிறார். தண்டம் கட்டின ஆத்திரத்தில் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் விருமாண்டி. அவர் மகளைத்தான் நல்லகாமன் அண்ணன், சுந்தரம்மாள் மதினி மகன் தவசிக்குப் பேசி, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவர் காதில் விழுந்த குறிப்பை நானே எழுதுகிறேன். உங்கள் இயந்திரத்துக்கு ஞாபகம் இருக்காது அல்லவா?

"13-4-83. நல்லகாமன் கிணறு. தண்ணீர் ஓரடி. ஊற்று இல்லை, வற்றி ஒன்பது மாதமாகிறது. இது வண்டித் தண்ணீர். நாளை பெண் வீட்டார் கிணறு பார்க்க வருவதால் கால்வாயிலிருந்து இரண்டு நாளாகப் பீப்பாயில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். இருபத்தெட்டு நடை. மதினி சொன்னது."

அசலில் பெண் எடுக்கிறார்கள். சொந்தத்தில் என்றால் கிணறு எப்படி இருக்கிறதென்று தெரிந்திருக்கும். அசலில் வருகிறவர்கள் வீட்டைப் பார்த்து, மாட்டைப் பார்த்து, கடைசியில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். கீழே பளபளப்புத் தெரிந்தால் போதும், ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் காலையெல்லாம் மோட்டார் ஓடியது என்று சொல்லிக்கொள்ளலாம். மழை வந்தால் ஊறிவிடப்போகிறது, அதற்குள் ஒரு நல்லது நடந்துவிடட்டும் என்று செய்தார்கள். ஏமாற்றுத்தான். அதை எனக்குத் தெரியாமலும் செய்திருக்கலாம். நான் கயிற்றோடு போய் நின்றபோது மதினிதான் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா மாயக்கா, ஒங்கிட்ட மறைக்க முடியுமா? வண்டித் தண்ணிதான். வெளியில விட்டுறாத" என்றாள். ஓரடி என்று மட்டும் எழுதினால் அளவு பொய்யாகிவிடும் என்று காரணத்தையும் எழுதினேன். எழுதியது என் புத்தி. உங்களை நம்பியதும் என் புத்திதான்.

விருமாண்டி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். கையில் உங்கள் பொட்டலம். ஊர் கூடுகிற மந்தையில் நின்று அந்தப் பக்கத்தை விரித்து, "இது ஒங்க ஊரு டீச்சர் எழுதுனதுதானே?" என்று என்னைக் கூப்பிட்டே கேட்டார். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் பெயர் இருக்கிறதே. பரிசப் புடவையைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நல்லகாமன் அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதினி மட்டும், "ஓங் கயித்த எறக்க விட்டது நாந்தான். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றாள். மறுநாளிலிருந்து ஊரில் எந்தக் கிணற்றடிக்கும் என்னால் போக முடியவில்லை. ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் அந்த நோட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது. தெரியாத வீட்டுக்காரர்கள்கூட என்ன எழுதியிருப்பேனோ என்று கதவைச் சாத்துகிறார்கள். மாயக்காள் வாரா என்றால் பேச்சு நின்றுவிடுகிறது. எட்டு வருஷம் இந்த ஊர்ப் பெண்கள் என்னிடம் சொல்லாத ரகசியம் கிடையாது. இப்போது வகுப்பில் பிள்ளைகள்கூட என்னிடம் வீட்டு விஷயம் பேசுவதில்லை, சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு காரியம் செய்யுங்கள். தொண்ணூற்றாறு பொட்டலத்தையும் நீங்களே நேரில் போய் வாங்கி எரியுங்கள். என் நோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

மாயக்காள்


மதுரை
25-9-1983

மாயக்காள் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. பஸ் ஏறினேன். காலேஜுக்கு லீவு போட்டுப் பதினாறு நாள்.

திரும்பி வந்த இருபத்தொன்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தியாயிற்று. நேரில் போய் வாங்கியது நாற்பத்தெட்டு. மேலூரில் ஒருவர் அதைக் கிழித்துப் பலகாரம் மடித்துக்கொண்டிருந்தார், மிச்சத்தை வாங்கினேன். கொட்டாம்பட்டியில் ஒரு பெரியவர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, "தம்பி, நீங்க அனுப்புனதுல எங்க சம்பந்தி வீட்டுக் கதையெல்லாம் இருந்துச்சு, வேற ஊரு கதையும் வருமா?" என்று ஆசையாகக் கேட்டார். மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மொக்கைச்சாமியிடமும் போனேன். தர மாட்டேன் என்றுவிட்டார். "காசு குடுத்து வாங்குனது சாமி. ஒங்களுக்கு வேணும்னா இன்னொண்ணு அடிச்சுக்கங்க" என்றார். கடையில் எட்டுப் பேர் சிரித்தார்கள். அவர் கையிலிருந்ததைப் பார்த்து யாரோ நாலு பக்கம் கையால் எழுதி எடுத்துப் போயிருக்கிறார்களாம். எழுதிப் போனவர் யாரென்று அவருக்கே தெரியவில்லை. ஒன்று போனால் அது ஒன்றாகவே இருக்காது என்று அந்தக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் இருபத்தேழு வெளியே இருக்கிறது. அதற்குப் பிறந்த நகல்கள் எத்தனையோ.

விருமாண்டி வீட்டுக்கும் போய் வாசலில் நின்றேன். பெண்ணை வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். தண்ணீர் இல்லாதது பெரிசில்லை, ஊற்றிக் காட்டினதைத்தான் பொறுக்க முடியவில்லை என்றார்.

நோட்டை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தட்டினவன் பார்வைக் குறைவை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். வேறு கெட்ட எண்ணம் என்னிடம் இருக்கவில்லை.

அனந்தநாராயணன்


புளிச்சிகுளம்
4-10-1983

திரு. அனந்தநாராயணன் அவர்களுக்கு,

நோட்டு வந்தது. நீங்கள் பஸ் ஏறி அலைந்ததைப் படித்தபோது மனசு கொஞ்சம் இளகியது. வயசான மனுஷர், அறியாமல் செய்துவிட்டார், போகட்டும் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அன்று பள்ளிக்கூடம் லீவு. அளக்கவும் போக முடியாது. சும்மா இருப்பானேன் என்று நோட்டையும் பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன்.

உங்கள் தட்டச்சு நன்றாக இருக்கிறது. அடிப் பத்தியில் ஒரு எண் தப்பில்லை. பெண்களின் பெயர்களில்கூட ஒரு எழுத்துப் பிசகவில்லை. முப்பத்தேழாம் பக்கம் வரை.

முப்பத்தேழாம் பக்கத்தில் என் நோட்டில் இப்படி இருக்கிறது. "12-11-80. பள்ளிக்கூடக் கிணறு. சார் வந்து அளந்தார். 41 அடி ஆழத்தில் தண்ணீர் என்று எழுதச் சொன்னார். கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து கயிற்றை விடுகிறார். தரையிலிருந்து விட்டால் 38. சொன்னேன். எல்லாக் கிணற்றிலும் அப்படியே அளந்துவிட்டேன், இனி மாற்ற முடியாது என்றார்."

உங்கள் பொட்டலத்தில் அந்த இடத்தில் குறிப்புப் பத்தி காலி.

மேலும் தேடினேன். நீங்கள் இந்த ஊருக்கு வந்து அளந்ததைப் பற்றி ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்து இடமும் காலி. வேறு எங்கேயும் ஒரு வார்த்தை விடவில்லை. அடகு வைத்த மோட்டார் இருக்கிறது, பங்காளிச் சண்டை இருக்கிறது, இருபத்தெட்டு நடை வண்டித் தண்ணீர் இருக்கிறது. உங்கள் மூன்றடி மட்டும் இல்லை.

அறியாமல் செய்தீர்கள் என்று நான் நினைத்திருந்தேன் பாருங்கள். இயந்திரம் என்று எழுதினீர்கள். ஒரு எழுத்து விடவில்லை என்று எழுதினீர்கள். எது வெளியே போகக் கூடாது, போனால் ஒரு மனுஷருக்கு எப்படி வலிக்கும் என்று உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த மனுஷர் நீங்களாக இருக்கும்போது தெரிந்திருக்கிறது. சுந்தரம்மாள் மதினி என்றால் அது சாஸ்திரம். உங்களுக்கு என்றால் அது காலி இடம்.

என்னிடம் நீங்கள் அனுப்பிய பட்டியல் இருக்கிறது. தொண்ணூற்றாறு விலாசமும் முழுசாக. முப்பத்தேழாம் பக்கம் ஒரு தாளில் அடங்கிவிடும், உங்கள் விதிக்கு உட்பட்டதுதான். கார்டுகூட வாங்கிவிட்டேன். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை. உங்கள் மேல் இரக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்ததை நானும் செய்ய எனக்கு அருவருப்பாக இருந்தது.

மாயக்காள்


மதுரை
19-10-1983

மாயக்காள் டீச்சருக்கு,

பதினைந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை கிழிக்கப் போவதில்லை.

நான் படித்துக்கொண்டேதான் தட்டினேன். எல்லாக் குறிப்பையும் படித்தேன். சுந்தரம்மாள் கிணற்றுக் குறிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வாலாம்பாளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். என்ன சாமர்த்தியம் பார், இருபத்தெட்டு நடை என்றேன். அவள் மட்டும் சிரிக்காமல், "பாவம், யாராத்துப் பொண்ணோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அது ஒரு சுவாரசியமான ஊர்க் கதை. அதற்குள் மனிதர்கள் இருப்பதாகத் தோன்றவே இல்லை. முப்பத்தேழாம் பக்கம் வந்தபோதுதான் விரல் நின்றது. பத்து நிமிஷம் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். இதைவிடக் கேவலமான பத்து நிமிஷம் என் ஆயுசில் இல்லை.

சென்னைக்கு எழுதிவிட்டேன். என் பன்னிரண்டு கிணற்றிலும் நான்கு வருஷ அளவு மூன்றடி தப்பு, தெரிந்தே திருத்தாமல் வைத்திருந்தேன் என்று. என் பெயரை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். பட்டியலில் உள்ள எல்லாருக்கும் ஒரே ஒரு தாள் போயிருக்கிறது, இம்முறை பின் இல்லாமல். அதில் மூன்றடியையும் எழுதினேன். நம்பிக் கொடுத்ததை நம்பிக்கையை மீறிப் பரப்பினேன், எழுதினவர் பேரில் தப்பில்லை என்றும் எழுதினேன். ஒரு நகல் இத்துடன் இருக்கிறது.

புளிச்சிகுளத்துக்கு வந்து நல்லகாமன் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க நினைக்கிறேன். ஊர் மந்தையில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். எப்போது வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அனந்தநாராயணன்


புளிச்சிகுளம்
22-11-1983

திரு. அனந்தநாராயணன் அவர்களுக்கு,

உங்கள் தாள் வந்தது. படித்தேன். வர வேண்டாம். நீங்கள் வந்து மந்தையில் நின்றால் இன்னும் ஒரு தடவை எல்லாரும் அந்தக் கதையைப் பேசுவார்கள். அழுவதும் மன்னிப்பதும் உங்கள் மனசை ஆற்றிக்கொள்ள. மதினிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. தவசி ஊரில் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். தீபாவளிக்கும் வரவில்லை.

இங்கே நல்ல மழை. பன்னிரண்டு நாள் விடாமல் பெய்து கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது. வகுப்பில் உட்கார்ந்தாலே வாய்க்கால் சத்தம் கேட்கிறது. எந்தக் கிணற்றில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று மனசு கிடந்து தவித்தது. எட்டு வருஷத்தில் இப்படி ஒரு மழையை நான் அளந்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் சுந்தரம்மாள் மதினி வாசலில் வந்து நின்றாள். மூன்று மாதத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். உள்ளேயும் வரவில்லை. "ஊத்து வந்துருச்சு" என்றாள். போகத் திரும்பினவள், "கயித்த எடுத்துட்டு வாறதுன்னா வா. நோட்ட வச்சுட்டு வா" என்றாள்.

போனேன். கயிற்றை இறக்கினேன். மதினி பக்கத்திலேயே நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை, பழைய பேச்சில்லை, என்னை மன்னித்துவிட்டதாகவும் தெரியவில்லை. கயிறு நனைந்த இடத்தைப் பிடித்து முடிச்சை எண்ணினேன். "எம்புட்டு?" என்றாள். காதருகில் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வட்டத்துப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்தக் கிணற்றில் இப்போது எத்தனை அடித் தண்ணீர் என்று எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மாயக்காள்